கேள்விக்குறி போடாத கேள்வி

கண்ணு,

இதை வாய்விட்டுப் படிக்காதே. உதட்டைக்கூட அசைக்காமல் மனசுக்குள் படி. வாய்விட்டுப் படித்தால் என் குரலில்தான் படிப்பாய், எனக்குத் தெரியும். கரண்ட் பில்லைக்கூட என் மாதிரி இழுத்து இழுத்துப் படித்துக் காட்டி உன் அப்பாவைச் சிரிக்க வைக்கிறவன் நீ. இந்த ஒரு தடவை மட்டும் என் குரல் இதற்குள் வரக் கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினாய் என்றால் காதைத் திருகுவேன், இருபத்தாறு வயசு என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

பேசாமல் இருந்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது. குரல்வளையில் இரண்டு பக்கமும் முடிச்சு, இத்தனை வருஷம் வகுப்பில் கத்தியதன் கூலி என்று டாக்டரம்மா சொன்னபோது நீதான் கூட இருந்தாய். ஆபரேஷன் முடிந்ததும், வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை தொண்டைக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை ஒரு வார்த்தை கூடாது, கிசுகிசுவென்றுகூடக் கூடாது என்றார். என்னைப் போய்! ராயபுரத்தில் சர்ச் மணி நின்றாலும் நிற்கும், அக்கா வாய் நிற்காது என்று உன் சித்தி சொல்லுவாளே, அந்த என்னை. கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றி வருகிறேன். உன் அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். முதல் நாள் சாயங்காலமே ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கண்ணாலம் கட்டி முப்பது வருசத்துக்கு மேல ஆவுது, இன்னிக்குத்தான்டா நைனா வூட்ல கடலு சத்தம் கேக்குது" என்று உன்னிடம் சொன்னாரா இல்லையா? நீயும் பல்லைக் காட்டினாய். 'திங்கட்கிழமை வரட்டும்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அதற்கும் ஒன்று வைத்திருந்தார் அந்த மனுஷன்.

ஆனால் வாயை மூடினால் காது நன்றாகத்தான் கேட்கிறது. சனிக்கிழமை காலையில் மீன்கார ரோசி வந்தாள். வழக்கமாக நான் என்ன செய்வேன்? கூடைக்குள் எட்டிப் பார்த்து, "புதுசுதானே ரோசி?" என்று அந்த 'தானே'யில் குரலைத் தூக்குவேன். "புதுசுதான்க்கா, காலைல வந்த போட்டு" என்பாள். வாங்கிவிடுவேன். இந்தத் தடவை பேச முடியாது, சிலேட்டையும் உள்ளே விட்டுவிட்டேன். சும்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டற?" என்றாள். நின்றேன். "சங்கரா நல்லா கீதுக்கா" என்றாள். நின்றேன். அவளே ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தாள். "நேத்து மீனுக்கா. உனுக்கு வாணாம். நாளைக்கி நல்லதா எத்துகினு வரேன்" என்று கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து வருஷமாக அவளிடம் வாங்குகிறேன். இத்தனை நாள் அவள் என்னை ஏமாற்றினாள் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்ட கேட்பிலேயே பதில் இருந்தது, அதை எடுத்து என்னிடமே கொடுத்தாள். அன்றைக்கு மத்தியானம் வெறும் கத்தரிக்காய்க் குழம்பு. நீகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாய்.

அந்தச் செவுள் என்னை விடவே இல்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், என் பிழைப்பே அந்தத் 'தானே'யில்தான் ஓடியிருக்கிறது. கல்மண்டபத்தில் அண்ணாச்சியின் கயிற்றுக்கடை மாடியில் 'பிசினஸ் இங்கிலீஷ் கற்றுத் தரப்படும்' என்று போர்டு மாட்டியபோது நீ பிறக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு கரும்பலகை, ஆறு பெஞ்சு, இந்தக் குரல். கீழே கயிறும் வலையும் விற்கிற சத்தம், வெளியே ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், இதற்கெல்லாம் மேலே கேட்க வேண்டும் என்றால் கத்தத்தான் வேண்டும். வந்தவர்களும் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள். கிளியரிங் ஆபீஸ் கிளார்க்குகள், யார்டு சூப்பர்வைசர்கள், ஷிப்பிங் ஆபீசில் டைப் அடிக்கிற பெண்கள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள், பேசச் சொன்னால் வாயில் பூட்டு. ஏழு மணிக்கெல்லாம் கண் சொக்கும். அவர்களை எழுப்பி உட்கார வைக்க நான் கண்டுபிடித்த வித்தைதான் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது. "வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம்..." என்று குரலை மேலே கொண்டுபோய் அந்தரத்தில் விடுவேன். முப்பது பேரும் சேர்ந்து "யூ!" என்பார்கள். "ப்ளீஸ் ஃபைண்ட்..." என்றால் "அட்டாச்ட்!" கீழே இருந்து அண்ணாச்சி, "டீச்சரம்மா, இந்தச் சத்தத்துல எனக்கே இங்கிலீஷ் வந்துரும் போல இருக்கே" என்பார். சரியான சொல்லை அழுத்திச் சொல்வேன், தப்பான சொல்லில் குரலைத் தணிப்பேன். ஒருவன் தப்பாக ஆரம்பித்தால் 'ம்ம்ம்?' என்று ஒரு இழுப்பு, உடனே மாற்றிக்கொள்வான். சரியாக இருந்தால் கட்டையாக ஒரு 'ம்'. இந்த இரண்டு 'ம்'முக்கு நடுவிலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அபீஸ் ஆரியா கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு இறங்கும்போது கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. ஓரத்தில் நின்று அவருக்குக் கண்ணாக இருப்பதுதான் சிக்னல்மேனாக இருந்த உன் அப்பாவின் வேலை. தூக்கு என்பதற்கு "அபீஸ்" என்று கத்துவார், இறக்கு என்பதற்கு "ஆரியா". எந்த நாட்டுச் சொல்லோ, எந்தக் கப்பல்காரன் விட்டுப் போனதோ. ஒருநாள் வகுப்பில் எனக்கு ஃபேன் மாட்டித் தர வந்த மனுஷன், ஸ்டூல் மேல் நின்றபடி நான் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு போட்டு, ரைசிங் டோன், ஃபாலிங் டோன் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருத்தருக்கும் ஏறவில்லை. "இன்னா டீச்சர், இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா? கேள்வி கேட்டா அபீஸ், பதிலு சொன்னா ஆரியா, அவ்ளோதான?" என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதில் பாதிப் பேர் துறைமுகத்தில் கால் வைத்தவர்கள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பலகையில் அம்பு கிடையாது. "குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்" என்றால் அபீஸ். "வீ ஆர் சாரி ஃபார் த டிலே" என்றால் ஆரியா. ஒருத்தன் அந்தச் சாரியை அபீஸில் சொல்லி, கஸ்டமரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான், சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம். "ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்பதற்கு மட்டும் நீளமான ஆரியா. 'அதில் வருத்தம் கிருத்தம் ஒன்றும் கிடையாது, சும்மா மரியாதைக்குச் சொல்வது' என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்கும்தான் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் வருவதெல்லாம் என் தப்பு. ஜான்சியை ஞாபகம் இருக்கிறதா? முகத்துவாரக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், முதல் பெஞ்சு, சிவப்பு டிபன் பாக்ஸ். நான் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டால் முதலில் பிடிக்கிறது அவள்தான். ஒரு நாள்கூட அவளுக்கு 'ம்ம்ம்?' சொன்னதில்லை. அந்த வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகிற முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள் என்று அவள் அப்பாவிடம் நானே சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ஒரு ஷிப்பிங் கம்பெனியில் ஃபோனில் இண்டர்வியூ. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் வகுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். "மிஸ், அவுரு கொரலு மேலயும் போவல, கீயயும் போவல மிஸ். ஒரே மேரி பேசிகினே போனாரு. எங்க நிறுத்தனாரு, நான் எங்க ஆரம்பிக்கணும், ஒண்ணுமே பிரியல. நான் சொம்மா இருந்தேன், அவுரு வச்சிட்டாரு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கேட்டிருந்தீங்கன்னா டக்குனு சொல்லிருப்பேன் மிஸ்" என்றாள்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், பார்த்தீரா, என் குரல் இல்லாமல் என் பிள்ளைகளுக்கு வாய் வராது என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு, "சிக்னல் குடுக்கறவன் இல்லன்னா கிரேன்காரன் நிப்பாட்டிடுவான், அது கரீட்டு. ஆனா அந்தப் பொண்ணு கிரேன் இல்லியேமே" என்றார். எனக்கு வந்ததே கோபம், ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் ஜான்சி வேறு இண்டர்வியூவுக்குப் போகவே இல்லை. எண்ணூரில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். எங்கே பார்த்தாலும் "மிஸ்!" என்று ரோட்டைக் கடந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அப்போதும் நான் மாறவில்லை, கண்ணு. குரலைத் தூக்காமல் கேட்டால் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும், அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது, ஐந்து எண்ணுவதற்குள் நானே உள்ளே புகுந்துவிடுவேன்.

வகுப்பில் செய்ததை வீட்டில் செய்யாமல் இருந்திருப்பேனா? என் முதல் ஸ்டூடண்ட் நீ. மூன்று வயசில் "ஆன்ட்டிக்கு என்ன சொல்லணும்...?" என்றால் "தேங்க்யூ". "அம்மா மேல கோவமா? இல்..." என்றால் "...ல்ல". எள் என்றால் எண்ணெயாக நிற்பான் என் பையன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம், கப்பல் வேலைக்கான படிப்புக்கு ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை அதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. "போயேன். நல்லதுதானே. வருஷத்துல ஒம்போது மாசம் கடல்ல. அம்மா என்ன, இங்கயே ஒரு மூலைல..." என்று சொல்லி நிறுத்தினேன். கப்பலின் அடிவரைக்கும் போகிற மாதிரி ஒரு ஆரியா. வெங்காயக் கண்ணீர் வேறு சமயம் பார்த்து வழிந்தது. "வேணாம்மா. சும்மாதான் வாங்கினேன்" என்றாய். அந்த ஃபாரத்தை மசாலா டப்பா வைக்கிற தட்டில் விரித்தேன், ரொம்ப நாள் மஞ்சள் கறையோடு அங்கேயே கிடந்தது. அன்றைக்கே உன் அப்பா கேட்டார். அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றேன். "அவன் எங்கமே சொன்னான்? நீ சொன்ன, அவன் வாய அசைச்சான்" என்றார்.

அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ பி.காம். படித்தாய், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் யார்டு பிளானிங் வேலை கிடைத்தது, சாயங்காலம் வந்து வகுப்பில் எனக்கு ஒத்தாசையாக நின்றாய். எனக்கு என்ன குறை? போன மாசம் ஒரு நாள் சாப்பிடும்போது ஓமனில் ஒரு துறைமுகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். ஃபோனில் அந்தத் துறைமுகத்தின் படத்தைக் காட்டினாய், கப்பல் மேல் ஏறிப் பார்க்கிற வேலையும் அதில் உண்டு என்று உன் அப்பாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். நான் "ம்ம்ம்?" என்றேன். தப்பாக ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்கிற அதே இழுப்பு. நீ ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பளம் கேட்டாய். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேனுக்காக உட்கார்ந்திருக்கும்போது, "அம்மாவுக்கு இனிமே முடியாதுடா. வகுப்பு என்ன ஆகப்போகுதோ... ஹூம்..." என்று விட்டேன். "நான் பாத்துக்கறேம்மா. நீ கவலப்படாத" என்றாய். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் பிள்ளை தானாகச் சொன்னான் என்று அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

இப்போது இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வா. வீட்டில் உட்கார முடியாமல் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மாரியைப் பார்த்து, இன்றைக்கு வேலையில் என்ன பிரச்சினை என்று இங்கிலீஷில் கேட்டாய். குரல் மேலே போகவில்லை, கீழே வரவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா நின்றாய். அவர் பேனாவைத் திருகினார். ஃபேன் சுற்றியது. கீழே அண்ணாச்சி யாரையோ திட்டுவது கேட்டது. நான் ஐந்து எண்ணி முடித்துவிட்டேன், கண்ணு! கையில் இருந்த பென்சில் தானாகப் பெஞ்சில் 'டொக், டொக்' என்று தட்டியது. மாரி உடனே என் பக்கம் திரும்பினார். நீ என்னைப் பார்த்து, "மிஸ், ப்ளீஸ்" என்றாய். அவ்வளவுதான், கோபம்கூட இல்லை. பென்சிலை மடியில் போட்டுக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. மாரி எழுந்து நின்று, "சார், கன்டெய்னர் ஈஸ் கம். பட் பேப்பர் ஈஸ் நாட் கம். ஸோ ஐ ஆம் த பிராப்ளம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அது அவருடைய வாக்கியம். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை அவரே ஏற்றி அவரே இறக்கினார். என் வகுப்பில் ஒருத்தரும் சொந்தமாக ஒரு பிரச்சினையைச் சொன்னதில்லை, நான் வைத்த பிரச்சினைக்குத்தான் வால் ஒட்டினார்கள். நீ என்னைவிட நல்ல வாத்தியார். வயிறு எரிந்தது, அப்புறம் குளிர்ந்தது, இரண்டும் ஒரே நிமிஷத்தில். படி இறங்கி வரும்போது, இவன் இங்கேயே இருந்துவிட்டால் இன்னும் எத்தனை ஜான்சி தப்பிப்பாள் என்றுதான் நினைத்தேன். உன்னை விடக் கூடாது என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன்.

நேற்று உன் அப்பா கிரிக்கெட் பார்க்க உன் லேப்டாப்பைத் திறந்தார். நீ எழுதி அனுப்பாமல் வைத்திருந்த மெயில் திறந்தே கிடந்தது. படித்தது தப்புதான், மன்னித்துவிடு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "ரிக்ரெட்னா இன்னாமே?" என்று கேட்டார். வந்து பார்த்தேன். ஓமன் கம்பெனிக்கு, வர முடியாது என்று. ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ. ஒரு கமாகூடத் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்தது. 'சும்மா மரியாதைக்குச் சொல்றது' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்போ, வருத்தம் இல்லன்றியா?" என்றார். நான் எழுதியதை நானே பார்த்தேன். முந்தானையால் துடைத்துவிட்டு, 'வருத்தம்' என்று மட்டும் எழுதினேன். "தேதியப் பாரு, நாலு நாளா எழுதி வச்சிகினு கீறான். அனுப்பறவனா இருந்தா எப்பவோ அனுப்பிருப்பான்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார். அவர் கிரிக்கெட்டும் பார்க்கவில்லை. நான் போய்ச் சமையல்கட்டில் நின்று அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அதைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அது வேறு வழியில் வரும். நீ இருந்தால் எனக்குச் சந்தோஷம். நீ போனால் கொஞ்ச நாள் சாப்பாடு இறங்காது, அப்புறம் இறங்கும். இந்த இரண்டு வரியை எழுதியதுகூட ஒரு வகையில் பென்சில் தட்டுவதுதான். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? வகுப்பை என்ன செய்வது என்பது என் கவலை. குரல் போன டீச்சர் சும்மா இருந்து கேட்கக் கற்றுக்கொள்ளலாம், செவ்வாய்க்கிழமை ஒரு வாத்தியார் அதை எனக்கு நடத்திக் காட்டினார். ஒரே ஒரு புத்திமதி சொல்கிறேன், எங்கே இருந்தாலும் வைத்துக்கொள். 'ஆமாம்' என்ற பதில் வேண்டும்போது குரலைத் தூக்காதே. உன்னிடம் வேலை பார்க்கிறவனிடம் "முடிஞ்சிடும்தானே?" என்று கேட்காதே, முடியாத வேலைக்கும் தலையாட்டுவான். நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் "சந்தோஷமாத்தானே இருக்க?" என்று கேட்காதே, பாவம் அந்தப் பெண். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேன். வாயைக் கொடுத்தேனே தவிர, அதில் உன் சொல் வருவதற்கு இடம் விடவில்லை. அதற்காக உன்னிடம் சாரி கேட்கிறேன். முறைப்படி, ஆரியாவில்.

இனி கேள்வி. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், இதற்காகத்தான் வாய்விட்டுப் படிக்காதே என்றேன்.

உனக்கு ஓமன் போக ஆசையா இல்லையா.

பார், கேள்விக்குறி போடவில்லை. போட்டால் அதன் கொக்கியே உன்னை ஒரு பக்கம் தூக்கிவிடும். அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டிருக்கிறேன், அங்கே நான் இல்லை. சனிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் போக வேண்டும் என்று மெயிலில் பார்த்தேன். திங்கட்கிழமை எனக்குக் குரல் வந்துவிடும். அது வந்துவிட்டால் என்னை நானே நம்ப மாட்டேன், நல்லபடியாகப் போய்வா என்பதைக்கூட ஏதாவது ஒரு இழுப்பில் சொல்லித் தொலைப்பேன். அதற்குள் சொல்லிவிடு. உன் அப்பாவும் ஒன்றும் கேட்க மாட்டார், சிலேட்டில் எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டேன். நாளைக்குக் காலையில் நீ டிபன் சாப்பிட வரும்போது சிலேட்டை உள்ளே வைத்துவிட்டு, ரோசிக்கு முன்னால் நின்ற மாதிரி உனக்கு முன்னால் வந்து நிற்பேன்.

நீயே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்.

அம்மா